வானத்துக்கு இடமில்லாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வானம் கிடையாது. கார் இருந்தது, ரோடு இருந்தது, ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் இருந்தன. மரங்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் நானும் மாமாவும் ஒன்றரை வருடம் கார் ஓட்டினோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பரங்குன்றத்தில் எங்களோடுதான் இருந்தார். மதுரைக்குள் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சென்டரை மூடியபோது நல்ல கம்ப்யூட்டர்களையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி கேபினில் இருந்ததை மட்டும் யாரும் சீந்தவில்லை. அதை மாமா தன் கடைசிச் சம்பளத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டப்பாவின் நெற்றியில் சிவப்பு பெயின்டில் 6 என்று எழுதியிருந்தது. அது எப்போதோ எழுதிய கேபின் நம்பர். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை யாரும் கம்ப்யூட்டர் என்று சொன்னதில்லை. ஆறாம் நம்பர் என்றுதான் சொல்வோம். “ஆறாம் நம்பரை அமத்திட்டு வந்து சாப்பிடுங்க” என்பாள் அம்மா.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் நம்பரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விளையாட்டு, அந்தக் கார் விளையாட்டு. மற்றவர்கள் வீட்டில் அது பறக்குமாம். எங்கள் வீட்டில் கார் மிதந்தது. வலது பக்கத்து அம்புக்குறியை அழுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கார் யோசித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் திரும்பும். அதற்குள் நான் ஒரு முறுக்கை முழுசாகத் தின்றுவிடுவேன். தூரத்தில் எதுவும் தெரியாது. கிட்டே போகப் போகத்தான் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மரம் முளைக்கும், ஒரு பாலம் வரும், திடீரென்று ஒரு மலை எதிரே வந்து நிற்கும். தாண்டிப் போனால் மலை மறுபடி வெள்ளையாகிவிடும். தூக்கம் கலைகிற நேரத்தில் கண்ணுக்குள் ஊர் வந்து வந்து போகுமே, அந்த மாதிரி இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் வானம் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுபவர். எங்கள் விளையாட்டை அவர் மதித்ததே இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் எங்களுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வளைவில் வேகமாகப் போகப் போக, அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்ததை நான் பார்த்தேன். “பிரேக்கே பிடிக்காம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா?” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஏன் வானம் இல்லை என்று மாமாவிடம் கேட்டேன். மாமா எதையும் சின்னப் பிள்ளைதானே என்று மழுப்பிச் சொல்லமாட்டார். விளையாட்டின் உள்ளே போய் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். நிழல், புகை, தூரத்து மலை, வானம் என்று வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் பக்கத்திலும் கட்டம் காலியாக இருந்தது. வானத்துக்கு நேரே இருந்த கட்டத்தில் டிக் போட்டார். ஆறாம் நம்பர் ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே நின்றுவிட்டது.

“மெமரி பத்தல மருமகளே. அறுபத்துநாலுதேன் இருக்கு. படம் காட்டுறதுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. இருக்கிற அம்புட்டுலருந்து பிச்சுக் குடுக்கணும். ரோட்டையும் காரையும் வச்சதுக்கு அப்புறம் வானத்த வைக்க இடமில்ல.”

அது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீடும் அப்படித்தான். அம்மாவின் தையல் மெஷினையும் பீரோவையும் வைத்த பிறகு கட்டிலை வைக்க இடமில்லை என்று பாயில்தான் படுத்தோம். இன்னொன்றும் புரிந்தது போலிருந்தது. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். நல்ல மழை பெய்தால் மட்டும் மலை காணாமல் போய்விடும். கோபுரமும் போய்விடும், பிறகு எதிர்வீட்டு மாடியும்கூடப் போய்விடும். அப்படி ஒரு மழைநாளில் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, “மழை பேஞ்சா நம்ம ஊருக்கும் மெமரி பத்தாதா மாமா?” என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்துவிட்டு, “ஆமா, அப்படித்தேன் போல” என்றார். அவர் மேல் எனக்கு இருந்த பிரியத்துக்கு இந்த மாதிரி பதில்கள்தான் காரணம்.

அந்த வருடம் ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஆறாம் நம்பரைத் தேற்றியே தீர்வது என்று முடிவு செய்தார். வேலை இல்லாதவர் கையில் எவ்வளவு இருந்துவிடும்? தன் கிரிக்கெட் மட்டையை ஒரு சிநேகிதருக்கு விற்றார். அப்பாவிடம் கேட்டதற்கு, “அந்த டப்பா சோறா போடுது மாப்ள?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்தது. அம்மாவிடம் வந்தார். அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தீபாவளிக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுக்க அவள் சேர்த்து வைத்திருந்தாள். அதை மாமாவுக்குக் கொடுத்தால் எனக்குச் சீட்டித் துணியில் அவளே பாவாடை தைத்துத் தருவாள். பிறகு அழக்கூடாது. பட்டுப் பாவாடையா, மாமா கேட்கிறதா என்றாள்.

“வானம்” என்றேன்.

அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் நான் யோசிக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட பாவாடையை மனதுக்குள் நான் அதற்குள் எத்தனையோ தடவை கட்டிப் பார்த்திருந்தேன். அப்படிக் கொடுத்து வாங்கிய வானம் என்பதால் அதன் மேல் எனக்கு உரிமை இருந்தது.

ஆயுத பூசைக்கு முதல்நாள் சாயங்காலம் மாமாவும் நானும் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு கடை. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, நல்ல பாகங்களைத் தனித்தனியாக விற்பார்கள். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி, காதில் ஒரு பென்சில். பிரவுசிங் சென்டர் நாளிலிருந்தே மாமாவுக்கு அவரைத் தெரியும். வீட்டில் யாரும் காது கொடுக்காத விஷயங்களையெல்லாம் மாமா அங்கே போய்த்தான் பேசுவார். அப்பாவிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மாமா, அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமா ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டார். அதை மாட்டினால் வானம், நிழல், புகை எல்லாமே வந்துவிடும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். பாய் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். குட்டி ஃபேனெல்லாம் வைத்து அழகாக இருந்தது. மாமா பணத்தை எடுத்துவிட்டார். பாய் அதைக் கையில் வாங்காமல், வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது எந்த போர்டு என்று கேட்டார். மாமா சொன்னார்.

“அப்பன்னா இது வேணாம் தம்பி. அந்த போர்டுல இத மாட்ட வாயே கிடையாது. வீட்டுக்குக் கொண்டு போய் அலமாரியிலதேன் வைக்கணும். உங்க காசுக்கு நூத்தி இருபத்தெட்டு மெமரி ஒண்ணு தாரேன். எல்லாம் வராது. பாதி வரும்.”

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. பாதியில் வானம் உண்டா என்று கேட்டேன். பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அது மொதல்ல வரும் பாப்பா” என்றார்.

உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதன் மேல் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். அடியில் ஒரு கோடி முதல் மறுகோடி வரை பொடிப்பொடியாகத் தங்கப் பற்கள். கடையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் அதை மாட்டி, ஓடுகிறது என்று காட்டிவிட்டுக் கழற்றி, வெள்ளி நிற உறையில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். “இந்தத் தங்கப் பல்லுல மட்டும் கை படக்கூடாது பாப்பா. பட்டா அதுக்கு மறதி வந்துரும்” என்றார். பிறகு எங்களுக்குப் பருத்திப்பால் வரவழைத்தார். சுக்கு மணக்க மணக்க நான் ஊதிக் குடித்தேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் நிஜ வானம் ஆரஞ்சாக இருந்தது. மடியில் இருந்த உறையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே மாட்டிவிடலாம் என்றுதான் மாமா நினைத்தார். அம்மா விடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக வந்த பொருள், பூசையில் வைத்து எடுத்த பிறகு மாட்டு என்றாள். பாதிப் பணம் அவளுடையது என்பதால் மாமாவால் வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் முன்னறையில் எல்லாம் அடுக்கியாகிவிட்டது. என் புத்தகங்கள், அம்மாவின் கத்தரிக்கோல், அரிவாள்மனை, மாமாவின் ஸ்குரூ டிரைவர்கள். தையல் மெஷினும் ஆறாம் நம்பரும் இருந்த இடத்திலேயே மாலை போட்டுக்கொண்டன. சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. ஆறாம் நம்பருக்கு அந்த 6-க்கு மேலேயே பொட்டு வைத்தேன். மெமரிக்கு அம்மா தன் கையாலேயே உறையின் மேல் ஒரு பொட்டு வைத்துப் புத்தகங்களின் உச்சியில் சார்த்தினாள். மணி அடித்துச் சூடம் காட்டினாள். இனி விஜயதசமி காலை வரை எதையும் யாரும் தொடக்கூடாது.

மத்தியானம் அம்மா அக்கம்பக்கத்துக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கப் போனாள். அப்பா டிப்போ பூசைக்குப் போயிருந்தார். மாமா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாமிக்கு எதிரே உட்கார்ந்து அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. பொட்டு இருப்பது உறையின் மேல். மாட்டும்போது மாமா உறையைக் கிழித்துத் தூரப் போட்டுவிடுவார். அப்படியென்றால் சரஸ்வதி கொடுத்ததெல்லாம் உறையோடு குப்பைக்குத்தானே போகும்? மெமரிக்கு என்ன கிடைக்கும்?

பட்டுப் பாவாடையைக் கொடுத்தவள் நான். சாமியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உறையை எடுத்தேன். மெதுவாக உருவினேன். கறுப்புக் கட்டங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எது அதன் முகம் என்று பார்த்தால், மின்னிக்கொண்டிருந்த அந்தப் பற்கள்தான் முகமாகத் தெரிந்தன. கை படக்கூடாது என்று பாய் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் சொல்லை நான் மீறவே இல்லை. ஒரு தீக்குச்சியை எடுத்து, அதன் நுனியில் சந்தனம் தொட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டாக வைத்தேன். அதன் மேல் குங்குமம். பதினோரு பல்லுக்கு வைத்து முடிக்கையில் மாடிப்படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பாவாடை நுனியால் அவசரமாகத் துடைத்து, உறைக்குள் தள்ளி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பற்கள் அங்கங்கே கொஞ்சம் மங்கியிருந்தன. ஆனால் அருள் உள்ளே போயிருக்கும் என்ற திருப்தி இருந்தது.

விஜயதசமி அன்று குளித்து, புத்தகத்தைத் தொட்டு இரண்டு வரி படித்ததும் மாமாவிடம் ஓடினேன். டப்பாவைத் திறந்தார். பழைய மெமரிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் புதியதை வைத்து அழுத்தினார். டக்கென்று நல்ல சத்தம் வந்தது. பட்டனைத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப் பீப் பீப் என்று மூன்று முறை கத்தியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூன்று.

மாமா கழற்றி மாட்டினார். ஊதிப் பார்த்தார். இடம் மாற்றிப் போட்டார். புதியதை எடுத்துவிட்டால் ஆறாம் நம்பர் பழையபடி எழுந்து உட்கார்ந்தது, போட்டால் கத்தியது. பத்தரை மணிக்கு ஆரம்பித்தவர் சாப்பிடக்கூட வரவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. சந்தனத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூசையில் வைத்ததைத் தொட்டுவிட்டேன், அதனால் சரஸ்வதிக்குக் கோபம், அதுதான் கத்துகிறது. ஒவ்வொரு பீப்புக்கும் மனசுக்குள் ஒரு தோப்புக்கரணம் போட்டேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த அப்பா, பிரித்துப் போட்டிருந்த டப்பாவையும் மாமாவையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. “பிள்ள பாவாடைக் காசையும் கொண்டு போய்த் தொலைச்சாச்சா மாப்ள?” என்று மட்டும் கேட்டார். அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா எழுந்து சட்டையை மாட்டினார். நானும் வாரேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கடையில் அன்று கூட்டம். ஒரு கல்லூரிப் பையன் ஸ்டூலில் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருந்தான், இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பாய் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வானம் வந்துவிட்டதா பாப்பா என்று கேட்டார். மாமா உறையை மேசையில் வீசினார்.

“இல்லாதத இல்லைன்னு சொல்ற ஆளுன்னு நம்பித்தானே பாய் வந்தேன். செத்த சாமான என் தலையில கட்டிட்டீகளே.”

மாமா நிறுத்தவில்லை. நல்லவர் மாதிரி கார்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விற்காமல் கிடந்ததைத் தள்ளிவிட்டீர்கள், சின்னப் பிள்ளை துணிக்கு வைத்திருந்த காசு, நாலு பேரிடம் சொல்லாமல் விடமாட்டேன் என்று என்னென்னவோ சொன்னார். அப்பாவிடம் திருப்பிச் சொல்ல முடியாமல் போன எல்லாமே அங்கே வந்து விழுந்தது என்று இப்போது தெரிகிறது. விலை பேசிக்கொண்டிருந்த பையன் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். நின்றிருந்த இரண்டு பேரும் அவன் பின்னாலேயே போனார்கள். ஸ்டூல் காலியானதில் எனக்குச் சந்தோஷம். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பாய் மெமரியை உருவி, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதை மூக்கருகே வைத்து மெல்ல முகர்ந்தார். மெமரியைச் சோதிக்கிற முறை அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காலை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். நெற்றியில் காலையில் அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

“பாப்பா, நான் சொன்னது ஞாபகம் இருக்கா? பல்லுல கை படலையே?”

“படல” என்றேன். அது சத்தியமான உண்மை. தீக்குச்சிதான் பட்டது.

மாமா குறுக்கே புகுந்து, பிள்ளையிடம் என்ன கேள்வி, அவள் தொடவே இல்லை என்று சீறினார். தொட்டிருந்தால் கையை ஒடித்திருப்பேன் என்றும் சொன்னார். மாமா என்னை அதுவரை அடித்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் குரல் அப்படித்தான் இருந்தது.

“அப்ப என் கடைத் தூசிதேன்” என்றார் பாய். “என் தப்பு தம்பி. பாக்காமக் குடுத்துட்டேன்.”

மேசை டிராயரைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்தார். பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். அதை வைத்துப் பற்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அழுத்தித் தேய்த்தார். கையால் மறைத்துக்கொண்டு தேய்த்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மாமா வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பிறகு பாய் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பட்டனைத் தட்டினார். ஒரே ஒரு பீப், உடனே திரை வெளிச்சமானது.

மாமா அதைப் பார்த்தார். உறையில் போட்டு வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறவன் துடைத்துக் கொடுக்க வேண்டாமா என்று மட்டும் சொன்னார், அதுவும் சுரத்தில்லாமல். பாய், டீ சொல்கிறேன் இருங்கள் என்றார். மாமா வேண்டாம் என்றார். பாப்பாவுக்காவது ஒரு பருத்திப்பால் என்றார். அதற்கும் வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு மாமா மேல் எனக்கு வந்த ஒரே கோபம் அந்தப் பருத்திப்பாலுக்காகத்தான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது பாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, அந்த ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். “நீயே வச்சுக்க தாயி” என்றார்.

அன்று சாயங்காலம் வானம் வந்தது.

வானத்துக்கும் தூரத்து மலைக்கும் நேரே டிக் போட்டுவிட்டு மாமா கையை எடுத்தார். ஆறாம் நம்பர் யோசித்தது. பிறகு மரங்களுக்கு மேலே மெல்ல நீலம் பரவியது. நடுநடுவே பஞ்சைப் பிய்த்துப் போட்டமாதிரி மேகங்கள். நான் கத்துவேன் என்று மாமா எதிர்பார்த்திருப்பார். நான் அம்புக்குறியை அழுத்தவே மறந்துவிட்டேன். பந்தயம் ஆரம்பித்து மற்ற கார்களெல்லாம் சீறிக்கொண்டு போய்விட்டன. எங்கள் கார் மட்டும் கிளம்பிய இடத்திலேயே நின்றது. இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடமாகப் பார்த்த ரோடுதான், ஆனால் இப்போது அதற்கு நிழலும் தூரமும் இருப்பதுபோல் தோன்றியது. தூரத்தில் ஒரு மலை, கிட்டே போகாமலே, முன்கூட்டியே தெரிந்தது. அப்பா வந்து பின்னால் நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அம்மாவும் நின்றாள். “இதுக்குத்தான் பாவாடைய விட்டியா?” என்று கேட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவளும் பார்த்தாள். மாமாவின் தோளில் அப்பா ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மாமாவுக்கு அந்த வீட்டில் அதுவரை கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு உலகத்தில் எந்தக் குறையும் இல்லை. சரஸ்வதி மன்னித்துவிட்டாள். தப்பு தன்னுடையது என்று பாயே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் பொய்யும் சொல்லவில்லை.

மாமா அதன்பிறகு அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. சொன்னபடியே நாலு பேரிடம் சொன்னார், அந்த நாலு பேரும் அங்கே போவதை நிறுத்தினார்கள். வாரக் கடைசியில் சட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை வருவார். எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்து என்னோடு கார் ஓட்ட உட்கார்ந்துவிடுவார். விளையாட ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூசை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று முதல் பீரியட் கணக்கு. வகுத்தல் தப்பாகிவிட்டது. பையிலிருந்து பாய் கொடுத்த ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். எழுத்து அழியவில்லை. தாளில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன், கோடு அகலமாகப் பரவி, நோட்டே வீணாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ரப்பரைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரம் முழுக்கச் சிவப்பு ஏறியிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னடி சந்தன வாசம் வருது, இது என்ன சிவப்பு என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொன்னேன்.

“கடைத் தூசிடி.”